காக்கை வெளுத்த நாடு

இந்தக் காலத்து ஜனங்களுக்கு மூக்கு எதற்கென்றே தெரியவில்லை. அடுப்பில் சோறு தீய்ந்தாலும், அரண்மனை ஆள் வந்து தீய்ந்துவிட்டது என்று சொல்லும்வரை பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். கரிசூழ்நாட்டில் மூக்கை நம்பிய கடைசி மனிதர் ஒண்டிமுத்துதான். அதனால் அவருக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை என்பது வேறு விஷயம்.

அந்த நாட்டில் காற்றை அளக்க ஒரு வழக்கம் உண்டு. கோட்டை வாசல் கம்பத்தில் வெள்ளைக் கொக்கு ஒன்றைக் கட்டிவைப்பார்கள். கொக்கு கறுத்தால் காற்று கெட்டது. உலைகளை அணைத்தாக வேண்டும். கடலுக்கு அந்தப் பக்கத்து நாட்டிலும் இதே சட்டம். அங்கே ஒரு செம்பு உலையால் கொக்கு கறுத்துப்போக, உலையைப் பிரித்துக் கப்பலேற்றிக் கரிசூழ்நாட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மன்னர் மேளதாளத்தோடு இறக்கிக்கொண்டார். ஒண்டிமுத்து வீட்டுக்கு எதிரே அது புகையத் தொடங்கியது. ஒரு வாரத்தில் கொக்கு கறுத்தது. உலையை அணைக்கவில்லை, கொக்கை மாற்றினார்கள். அதுவும் கறுத்தது.

காற்றமைச்சர் மாருதசேனர் சபையில் எழுந்தார். கொக்கு பணக்கார நாட்டுப் பறவை, இப்போதுதான் தலையெடுக்கிற நமக்கு அது கட்டுப்படியாகாது, நம் மண்ணுக்கேற்றது காக்கைதான் என்றார். கம்பத்தில் காக்கை ஏறியது. அன்றிலிருந்து காற்றுக்கு ஒரு குறையும் இல்லை. காக்கை கறுக்கவே இல்லை.

கறுத்தது ஒண்டிமுத்துவின் மனைவி அங்காயி துப்பிய சளிதான். படுத்தால் மூச்சு ஏறவில்லை. சுவரில் சாய்ந்தே தூங்கினாள். அரண்மனை வைத்தியர் முதலில் கம்பத்தை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் அவள் நாடியைப் பிடித்தார். காற்று நன்றாக இருக்கும்போது புகைநோய்க்கு மருந்து கொடுப்பது ராஜத்துரோகம், அம்மாள் பேச்சைக் குறைத்தால் இருமல் குறையும் என்றார்.

"இவரைக் கட்டிக்கிட்டு நான் என்னைக்குப் பேசினேன்" என்றாள் அங்காயி, இருமலுக்கு நடுவில்.

அடுத்த ஆணை வந்தது. வீதியில் இருமினால் காக்கை மிரள்கிறது, ஆகவே எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இரும வேண்டும். அங்காயிக்கு மூச்சு இன்னும் இறுகியது. இதற்கிடையில் மன்னர், காற்று வரும் திசையிலிருந்த, புகை எட்டாத மலைக்கு அரண்மனையை மாற்றிக்கொண்டார். காட்சி அழகுக்காக என்றார்கள். உலைக்கோ மட்டமான கரி வந்தது. சாம்பல் மாவு போலப் பறந்தது.

ஒருநாள் காலை ஒண்டிமுத்து கம்பத்தடியில் அப்படியே நின்றுவிட்டார். சாம்பல் படிந்து படிந்து காக்கை வெளுத்திருந்தது. அமைச்சரைக் கையோடு கூட்டிவந்தார்.

"பாருங்க சாமி, காக்காவுக்கே நெறம் மாறிப்போச்சு. இப்பவாச்சும் உலையை அணைங்க. எம் பொண்டாட்டி ஒரு ராத்திரியாவது படுத்துத் தூங்கட்டும்."

அமைச்சர் அண்ணாந்து பார்த்தார். கண் கலங்கியது; அது சாம்பலாகவும் இருக்கலாம்.

"பெரியவரே, கறுத்தால்தானே காற்று கெட்டது? இது வெளுத்திருக்கிறது. நம் காற்று காக்கையையே குளிப்பாட்டிவிட்டது."

ஊரே விழா கொண்டாடியது. கடல்தாண்டிய நாட்டுத் தூதர் தூய காற்றுக்கான பொன்னாடையை அமைச்சருக்குப் போர்த்தி, இன்னும் இரண்டு உலைகள் கப்பலில் வருவதாகச் சொன்னார். கூட்டம் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு ஆரவாரித்தது. தனக்கு இப்போதே மூச்சு லேசாகிவிட்டதாக ஒண்டிமுத்துவின் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். அப்போது மேளம் சற்று ஓய, காக்கை கரைய வாயைத் திறந்தது. வந்தது இருமல்.

எல்லோரும் அமைச்சரைப் பார்த்தார்கள்.

"வெளுத்தபின் அது கொக்கு" என்றார் அமைச்சர். "கொக்கு இப்படித்தான் கத்தும்."

ஜனங்கள் தலையாட்டினார்கள்.

"கொக்கு கத்தி நானும் கேட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டு, ஒண்டிமுத்து துண்டை உதறித் தோளில் போட்டார். உதறிய சாம்பலில் அமைச்சரும் கொஞ்சம் கொக்கானார்.

வீட்டுக்குப் போய் அங்காயியை வண்டியில் சாய்த்து உட்காரவைத்தார். எங்கே போகிறோம் என்று அவள் கேட்டாள்.

"ராஜா போன பக்கம். அந்தாளு வாயை நம்பக் கூடாது, மூக்கை நம்பலாம்."

மாட்டைப் பிடித்துக்கொண்டு, ஆளுக்கு முன்னே மூக்கை நீட்டியபடி நடந்தார். மலையடிவாரம் வந்தது. உறிஞ்சிப் பார்த்தார். இங்கேயும் லேசாகப் புகை நாறத்தான் செய்தது.