என் மனைவி கல்லறையில் யார் வைத்த பூ?

காஞ்சிபுரம்,
நவம்பர் 20

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மச்சான் ஞானாதிக்கம் அவர்களுக்கு,

தங்கள் தங்கை வீட்டுக்காரர் சந்தியாகு எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இவ்விடம் கடை நலம், நான் நலம், இடது முட்டி மட்டும் நலமில்லை. காரணம் கீழே வருகிறது. அவ்விடம் தாங்களும் அக்காவும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன்.

உங்கள் தங்கை இருதயமேரி போய் மூன்று வருஷம் ஆகிறது. அவள் கல்லறைக்கு நான் வருஷத்தில் இரண்டு தரம் போகிறவன்: நினைவு நாளுக்கு ஒரு தரம், கல்லறைத் திருநாளுக்கு ஒரு தரம். நடுவில் போக முகூர்த்த வியாபாரம் விடாது. இந்த ஆகஸ்டில் நினைவு நாளுக்குப் போனால், எனக்கு முன்னால் யாரோ கல்லறையைக் கழுவி, சாமந்தி வைத்து, மெழுகுவத்தி ஏற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஓரத்தில் போன வாரத்துப் பூ வேறு காய்ந்து கிடக்கிறது. அப்படியென்றால் இது வழக்கமாக நடக்கிற காரியம்! பட்டுப்புடவை விற்கிறவன் நான். சும்மா வருகிற எதையும் திருப்பிப் போட்டுப் பார்க்காமல் வாங்க மாட்டேன். எனக்குத் தெரியாமல் என் பெண்டாட்டிக்குப் பூ வைக்கிற அந்த ஆள் யார்?

பக்கத்துத் தையல்கடை அப்துல் சத்தார் பாயிடம் சொன்னேன். “ஏம்பா, பூ வெச்சாங்கன்னு சந்தோசப்படுவியா, சிஐடி வேலை பாத்துக்கினு இருக்கியே!” என்று ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சிரித்தார். அவருக்கென்ன, அவர் பெண்டாட்டி ஜோஹரா உயிரோடு இருக்கிறார். எனக்குக் கோயில் பாடகர் குழுவில் ஆர்மோனியம் வாசிக்கும் இன்னாசிமுத்து மேல் சந்தேகம். இருதயமேரி பாடும்போது அவளையே பார்ப்பார். நேரே வீட்டுக்குப் போய்க் கேட்டுவிட்டேன். “யோவ், உங்க வீட்டுக்காரம்மா எப்ப சுருதி தப்புமோன்னு பயந்து பாத்தேன்யா! அதுக்குப் பூ வேற வைப்பாங்களா?” என்று கதவைச் சாத்திவிட்டார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, மச்சான்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும், கல்லறைத் தோட்டத்தில் யாருடையதோ ஒரு பெரிய சிலுவைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். நான் உட்கார்ந்த இடம் கட்டெறும்புக்குச் சொந்தம் என்று எனக்குத் தெரியாது. கையில் வாளியும் பூப்பையுமாக ஒரு பெண்பிள்ளை வருவதற்கும் அது கடிப்பதற்கும் சரியாக இருந்தது. துள்ளி எழுந்தவன் முட்டியைக் கல்லில் இடித்துக்கொண்டேன்.

“யாரு சார் அங்க? எறும்புப் புத்துல உக்காந்துக்கினு என்னா ஜெபம்?”

சலேத்மேரி. பக்கத்துக் கூரம் கிராமத்தில் டீச்சர். பஸ் டிரைவராயிருந்த அவள் புருஷன் ஜோக்கிம் கல்லறை, இருதயமேரிக்கு அடுத்தது. ஏன் என் வீட்டுக்காரிக்குப் பூ என்று கேட்டேன். “பந்தியில ஒரு எலைக்கு மட்டும் சோறு போட்டுட்டு, பக்கத்து எலையை வெறுமையா விட்டுட்டுப் போவாங்களா? எனக்கு மனசு வரல” என்றாள். என் பக்கத்து இலை வெறுமையாகக் கிடந்ததென்று குத்திக் காட்டுகிறாளா, இல்லையா? எனக்கு இன்னும் புரியவில்லை.

அதோடு விட்டாளா? அடுத்த வாரம் கடைக்கு வந்தாள். அரக்குக் கலரில் ஒரு புடவை எடுத்தாள். சொன்ன விலையைக் கொடுத்தாள். பேரம் பேசவில்லை, மச்சான்! பெருமாள் கோயிலுக்கு வருகிற வெளியூர்க்காரர்கூட அரை மணி நேரம் கெஞ்சிவிட்டுத்தான் பணம் எடுப்பார். எனக்கு வேர்த்துவிட்டது. நானாகவே குறைத்துக்கொள்கிறேன் என்றேன். “வேணாம் சார், நீங்க பொய்யா சொல்லப் போறீங்க?” என்றாள். இப்படிப் பேசுகிறவர்களை நம்பலாமா? எதிர்க்கடைக்காரன் அனுப்பிய ஆளோ என்றுகூட விசாரித்தேன், இல்லை. பிறகு மீன் குழம்பு அனுப்பினாள். உள்நோக்கம் என்னவென்று தேடித் தேடிச் சாப்பிட்டேன். பாத்திரம் காலியானதுதான் மிச்சம்.

முந்தாநாள் நேராகவே கேட்டேன்: “டீச்சர், உங்களுக்கு என்னதான் வேணும்?” “இனிமே கல்லறைக்குப் போறப்ப சொல்லுங்க, சேந்து போலாம். ரெண்டு பேருக்கும் ஒரே வாளித் தண்ணி போதும்” என்றாள். கண் கலங்கியிருந்தது. என்னை அறியாமல் தலையை ஆட்டிவிட்டேன். அதனால்தான் பயமாக இருக்கிறது. இந்த வயசில் ஏமாந்தால் மறுபடி எழுந்திருக்க முடியாது. நீங்கள் பெரியவர். “இதெல்லாம் வேண்டாம்” என்று கண்டிப்பாக நாலு வரி எழுதிப் போடுங்கள். அதைக் காட்டி விலகிக்கொள்கிறேன்.

அக்காவுக்கு என் வணக்கம், பேரப்பிள்ளைகளுக்கு என் முத்தம். குடும்ப செபத்தில் என் முட்டியையும் சேர்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
தங்கள் சொல்லை என்றும் தட்டாத,
ம. சந்தியாகு

பி.கு.: இந்தக் கடிதம் தபாலில் போகாமல் இரண்டு வாரமாகக் கல்லாவிலேயே கிடந்துவிட்டது. இதற்குள் சலேத்மேரி பேரம் பேசிவிட்டாள். வீட்டுக் கூடத்தில் இருதயமேரி படத்துக்குப் பக்கத்தில் ஜோக்கிம் படமும் மாட்ட வேண்டுமாம். உள் அறையில் மாட்டலாம் என்றேன், முடியாது என்றாள். கொஞ்சம் சின்னப் படமாக என்றேன், அதுவும் முடியாது. சாயங்காலம் பூராவும் வாதாடியும் அவள் ஒரு அங்குலம் இறங்கவில்லை. அப்போதுதான் எனக்கு நம்பிக்கை வந்தது. ஆணி அடித்தாகிவிட்டது. கிறிஸ்துமஸ் முடிந்த முதல் ஞாயிறு, கோயிலில் எங்கள் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலை. ஆட்சேபம் உள்ளவர்கள் சொல்லலாம் என்று சாமியார் வாசிப்பார். நீங்கள் முன்வரிசையில் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும். மேலே கேட்ட நாலு வரியை எழுத வேண்டாம். நேற்று கல்லறைக்குச் சேர்ந்துதான் போனோம். இருதயமேரிக்குச் சலேத்மேரி வைத்த பூ நான் வைத்ததைவிட அழகாக இருந்தது. அது எப்படி என்பதில் மட்டும் இன்னும் கொஞ்சம் சந்தேகம்.