மாமாவுக்கு ஒரு தோல் சீட்டு

லாரி சீட்டின் பழைய துணியை முழுக்கக் கிழித்து எறிந்த பிறகுதான், புதியதை எப்படி மாட்டுவது என்று நாணு முதன்முதலாக யோசித்தார்.

கொச்சி மட்டாஞ்சேரியில் அவர் வீட்டு வாசலில் மினி லாரி இரண்டு கதவுகளையும் விரித்துக்கொண்டு நின்றது. முன் சீட்டு இருந்த இடத்தில் மஞ்சள் ஸ்பாஞ்சும் கம்பிகளும் பல்லிளித்தன. நாணுவின் மடியில் தோப்பும்படியில் வாங்கிய செகண்ட்ஹேண்ட் தோல் உறைகள். யாரோ ஒரு பணக்காரரின் பெரிய காரிலிருந்து உரித்தவை.

"கடையிலயே மாட்டித் தரச் சொல்லியிருக்கப்படாதா?" என்று வாசலுக்கு வந்த மனைவி கங்கா கேட்டாள்.

"எதுக்கு? தலகாணிக்கு உறை போடறோமோல்லியோ, அதே டெக்னிக்காக்கும். இந்தத் தோல் இருக்கே கங்கா, இதை எப்படிப் பதப்படுத்தறான்னு கேட்டியானா—"

"அடுப்புல பால் வச்சிருக்கேன்."

கங்கா உள்ளே ஓடினாள். காலையிலிருந்து அந்த வீட்டில் பால் பொங்கிக்கொண்டே இருந்தது. இவள் எவ்வளவு பால்தான் வாங்குகிறாள் என்று நாணுவுக்கு ஆச்சரியமாக இருந்தது.

விஷயம் இதுதான். நாணு சமையல் காண்டிராக்டர். கல்யாணம், பூணூல், சஷ்டியப்தபூர்த்தி எதுவானாலும் பேசி முடிப்பதும் வண்டி ஓட்டுவதும் அவர் வேலை. சமைப்பது சங்கர்ராம மாமா. ஊரில் ஒருவர்கூட "நாணு வருவாரா?" என்று கேட்டதில்லை. "சங்கர்ராமன் வருவாரோல்லியோ?" என்றுதான் கேட்பார்கள். மாமாவின் ஓலனையும் பாலடைப் பிரதமனையும் கழித்துவிட்டால் நாணுவின் தொழிலில் மிஞ்சுவது ஒரு லாரியும் நிறைய அண்டாக்களும்தான்.

அந்த மாமா போன வாரம் வண்டியிலிருந்து இறங்கியதும் தலையில் குண்டைப் போட்டார்.

"நாணு, இனிமே உன் வண்டியில முன்னால உக்காந்துண்டு நான் வரமாட்டேன். ஆலுவா காண்டிராக்டர் ரமேஷ்பாபு கூப்பிட்டுண்டே இருக்கான். வைட்டிலா கல்யாணத்தோட அங்க போயிடலாம்னு பாக்கறேன். காரணம் என்னன்னா—"

"மனசிலாயி மாமா! நீங்க சொல்லவே வேண்டாம்!" என்று நாணு அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "எல்லாம் நான் பாத்துக்கறேன். இதே மாதிரி பாலக்காட்டுல ஒருதரம் என்ன ஆச்சுன்னு கேட்டேளா—"

அந்தக் கதையை அவர் சொல்லி முடித்தபோது மாமா காரணத்தைச் சொல்லாமலே வீட்டுக்குப் போயிருந்தார்.

சொல்லித்தான் தெரிய வேண்டுமா? ரமேஷ்பாபுவின் வண்டியில் பளபளவென்று தோல் சீட்டு. இங்கே மழையில் நனைந்து, வெயிலில் வெந்து, சாம்பாரும் ரசமும் ஊறிய துணி சீட்டு. நாணு துப்பறியத் தொடங்கியதும் பல விஷயங்கள் வரிசையாக வந்து நின்றன. மாமா வண்டியில் ஏறியதுமே காதில் பஞ்சு வைத்துக்கொள்வார். பாவம், சீட்டின் ஈரம் முதுகு வழியாக ஏறிக் காதுவலி. வண்டி நகர்ந்ததும் கண்ணை மூடி ஏதோ முணுமுணுப்பார். நாற்றம் தாங்காமல் பகவானைக் கூப்பிடுகிறார். ஒருநாள், பாத்திரம் தேய்க்கும் மூக்கம்மாளிடம், "நீ முன்னால உக்காந்துக்கோயேன், நான் பின்னால வரேன்" என்று கெஞ்சாத குறையாகக் கேட்டார். தென்காசிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள், வேறு எதற்கும் மறுக்காதவள், அன்று அண்டாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வரவே மாட்டேன் என்றுவிட்டாள். ஒரு சீட்டு மோசம் என்பதற்கு இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

தோப்பும்படியில் பழைய வண்டிச் சாமான் கடை வைத்திருக்கும் ஷபானா முதலிலேயே எச்சரித்தாள். "சேட்டா, இது பெரிய காரோட கவர். உங்க வண்டிக்கு லூசா இருக்கும். நம்ம ஆளு வந்து வெட்டித் தைச்சு மாட்டித் தருவான்."

"வேண்டாம்மா. நானே மாட்டிப்பேன். என் அப்பா காலத்துல எங்காத்துல ஒரு சாய்வு நாற்காலி இருந்தது. அதுக்கு நானாக்கும் துணி மாத்தினேன். அந்தக் கதை கேட்டியானா—"

ஷபானா சட்டென்று கைபேசியை எடுத்து "ஹலோ" என்றபடி கடைக்குள் போய்விட்டாள். மணி அடித்த மாதிரி நாணுவுக்குக் கேட்கவில்லை. இந்தக் காலத்துப் போன்கள் சத்தமில்லாமலே வேலை செய்கின்றன என்று வியந்துகொண்டே வந்தார்.

இப்போது வெள்ளிக்கிழமை. ஞாயிறு விடிந்தால் வைட்டிலா கல்யாணம்.

சீட்டைக் கழற்றி வெளியே வைத்து மாட்டுவதுதான் முறை. ஆனால் நட்டுகள் கழலவில்லை. ஆகவே நாணு கால்களைக் கதவுக்கு வெளியே நீட்டி, தலையை ஸ்டியரிங்குக்கு அடியில் கொடுத்து, அடிக்கம்பியில் கொக்கியை மாட்டப் பார்த்தார். ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் முதுகு ஹாரனை அழுத்தியது. தெருவே எட்டிப் பார்த்தது. ஓட்டுநர் சீட்டின் உறை எப்படியோ ஏறிவிட்டது. மாமாவின் சீட்டில் ஏறிய உறைக்குள் இன்னொரு மாமாவையும் உட்கார வைக்கலாம். அவ்வளவு தொளதொள.

இடைவெளியை நிரப்ப நாணு உள்ளே இருந்து தலையணைகளைக் கொண்டுவந்து திணித்தார். சீட்டு ஒரு பக்கம் குன்றாக எழும்பியது. அதில் உட்கார்ந்தவர் சரிந்து, ஓட்டுகிறவரின் தோளில் தலை சாய்த்துக்கொள்ள வேண்டியதுதான். நாணுவுக்கு அது குறையாகத் தெரியவில்லை. பேசிக்கொண்டே போக வசதி.

"தோல் வெடவெடன்னு இருக்கே," என்றாள் கங்கா, தன் தலையணையைத் தேடி வந்தவள்.

"தேங்காயெண்ணெய் தேச்சா இளகிடும். தோல்னா தோல்தானே? நம்ம தோலுக்கு என்ன பண்றோம்?"

கல்யாணத்துக்கு வாங்கி வைத்திருந்த தேங்காயெண்ணெயில் தாராளமாக எடுத்துத் தேய்த்தார். தோல் இளகியது, பளபளத்தது, எண்ணெய்க் குளியல் முடித்த குழந்தைபோல இருந்தது. நாணு பரம திருப்தியுடன் கங்காவைப் பக்கத்தில் உட்கார வைத்து வண்டியைக் கிளப்பினார்.

சந்து முனையில் ஒரு ஆடு குறுக்கே வந்தது. நாணு பிரேக்கை மிதித்தார். திரும்பிப் பார்த்தால் பக்கத்து சீட்டில் கங்கா இல்லை.

"கங்கா! எங்க போனே?"

"கீழ இருக்கேன்," என்று டாஷ்போர்டுக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "மாமாவை இப்படி இறக்கினா அவர் ஆலுவாக்குப் போகமாட்டார். நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் போவார்."

எண்ணெயை எடுக்க வேண்டும். சமையல் காண்டிராக்டருக்கு எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கத் தெரியாதா? எண்ணெய்ப் பாத்திரத்துக்குக் கடலைமாவு, தலைக்கும் கடலைமாவு. நாணு ஒரு பொட்டலத்தைப் பிரித்துச் சீட்டு முழுக்கத் தூவித் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்க மாவு எண்ணெயில் குழைந்து, தையல்களுக்குள் இறங்கி, சீட்டின் மேல் திட்டுத் திட்டாக அப்பிக்கொண்டது.

கங்கா குனிந்து பார்த்தாள்.

"இனி வாழைக்காய் சீவிப் போடவேண்டியதுதான் பாக்கி," என்றாள்.

சனிக்கிழமை காலை குழாயைப் பிடித்துக் கழுவினார். மாவு போயிற்று. தண்ணீர் போகவில்லை. ஸ்பாஞ்சும் தலையணையும் அத்தனையையும் குடித்துவிட்டு, கையை வைத்து அழுத்தினால் மஞ்சளாகக் கக்கின. நாள் முழுக்க மேஜை விசிறி ஓடியது. விரல்களில் கொக்கி கீறிய இடமெல்லாம் பிளாஸ்திரி. ஈரத் தோலும் புளித்த மாவும் சேர்ந்து கிளப்பிய வாசனையில், பழைய சாம்பார் வாசனையே தேவலை என்று நாணுவுக்குத் தோன்றியது.

சாயங்காலம் வாசற்படியில் உட்கார்ந்தபோது அழுகை வந்துவிடும்போல இருந்தது. மாமா போனால் தொழில் போகும் என்பது ஒரு பக்கம். இத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து வந்த மனிதர் போய்விடுவார் என்பதுதான் பெரிய துக்கம். மாமா மாதிரி குறுக்கே பேசாமல் கேட்கிற ஆள் இந்தக் கொச்சியில் வேறு யார் இருக்கிறார்கள்?

ஞாயிறு விடியற்காலை. மூக்கம்மாள் பாத்திரங்களை ஏற்றிக்கொண்டிருந்தாள். சங்கர்ராம மாமா குளித்து, நெற்றி நிறைய விபூதியுடன், மடியாக உலர்த்திய வேஷ்டியைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். நாணு ஓடிப்போய், புது மாப்பிள்ளையை அழைப்பதுபோல் கதவைத் திறந்துவிட்டார்.

"பாருங்கோ மாமா! உங்களுக்காக! அசல் தோல்!"

மாமா ஓரடி பின்னால் போனார்.

"தோலா?"

அந்தக் கணத்தில்தான் நாணுவுக்கு உறைத்தது. மடி கட்டிக்கொண்டால் சமையல் முடிகிறவரை மாமா தோலைத் தொடமாட்டார். செருப்பை வீட்டிலேயே விட்டுவிட்டு வெறுங்காலில் வருகிறவர். கைக்கடிகாரத்துக்குக்கூட உலோகப் பட்டை. வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கும் விஷயம். ரமேஷ்பாபுவின் தோல் சீட்டில் மாமா எப்படி உட்காருவார் என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் இந்த இரண்டு நாள் பாடு மிச்சம்.

"கங்கா! மணையை எடு!" என்று அலறினார்.

கங்கா பூஜையறையிலிருந்து மணைப்பலகையைக் கொண்டுவந்து சீட்டின் மேல் வைத்தாள். தலையணைக் குன்றின் மேல் பலகை ஊஞ்சலாடியது. நாணு அதைப் பிடித்துக்கொண்டு, "மரத்துக்குத் தோஷமில்லை மாமா. இதுல ஒரு சூட்சுமம் இருக்கு, கேட்டேளா—" என்று ஆரம்பித்தார்.

மாமா கையை உயர்த்தினார். அவர் பார்வை நாணுவின் பிளாஸ்திரி விரல்களில் இருந்தது.

"இதெல்லாம் எனக்காகவா பண்ணினே?"

"உங்களை விட்டா எனக்கு ஆர் இருக்கா மாமா?"

மாமாவின் முகம் இளகியது. தோள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நான் ஆலுவாக்குப் போகல்லே. போறுமா? ஆனா ஒண்ணு. நான் பின்னால, பாத்திரத்தோட உக்காந்துக்கறேன். அதுக்கு நீ சம்மதிச்சா, கரண்டி பிடிக்கத் தெம்பு இருக்கற வரைக்கும் உன்கூடத்தான்."

நாணுவுக்குச் சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை. அப்படி நடப்பது அதுதான் முதல் தடவை என்பதால் கங்கா கூட ஒரு நிமிஷம் பயந்துபோனாள். மாமா மணைப்பலகையைத் தானே எடுத்துக்கொண்டு போய், பின்னால் அண்டாக்களுக்கு நடுவே போட்டு, சம்மணமிட்டு உட்கார்ந்தார். வருஷக்கணக்கில் அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நாணு பார்த்ததே இல்லை.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. இத்தனை பாடுபட்ட சீட்டு காலியாகவா போவது?

"மூக்கம்மா, நீயாவது முன்னால வந்து உக்காரு."

"ஐயையோ, வேண்டாம்!" மூக்கம்மாள் பெரிய அண்டாவை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள்.

"துணி போட்டாலும் வேண்டாம், தோல் போட்டாலும் வேண்டாம். அப்படி என்னதான் பண்ணித்து உங்களை அந்தச் சீட்டு?"

மூக்கம்மாள் மாமாவைப் பார்த்தாள். மாமா அவசரமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சீட்டு என்ன மொதலாளி செஞ்சுச்சு? இங்கன அண்டா வளைவு வந்தாத்தான் சத்தம் போடும். அங்கன நீங்க வைட்டிலா வர்ற வரைக்கும் வாயே மூட மாட்டியளே!"