நைனாவோட பாடு அன்னிக்கு நான் கேட்ட ஹெவி மெட்டல்

அன்னிக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணு. ஒரு கேசட்டு கேக்கணும்.

எம்பத்தஞ்சு, எம்பத்தாறு இருக்கும். குவைத்துலேர்ந்து வந்த அக்கா வீட்டுக்காரரு, எங்க மாமா, குடுத்தது. ஹெவி மெட்டல். அட்டையில நாலு பேரு, இடுப்பு வரைக்கும் முடி, மொறச்சிக்கினு நிக்கிறானுங்க.

"மச்சான், இத நல்ல செட்டுல கேளு. கித்தாரு கம்பி ஒவ்வொண்ணும் தனியா தெரியணும்"னாரு.

எங்கூட்டு டேப்ல போட்டேன். தகர டப்பாக்குள்ள ஈ மாட்டிக்கின மாதிரி இருந்துச்சு.

எங்க ஊரு பசியாவரத்துல அன்னிக்கு நல்ல சவுண்டு ஒருத்தர்கிட்டதான் இருந்துச்சு. மைக்செட்டு காசிம் பாய். முந்தின நாளு கல்யாணத்துக்கு வந்தவரு, இன்னும் செட்ட அவுக்கல. குழாய் ஸ்பீக்கரு ரெண்டும் ஏரியப் பாத்து கட்டியிருந்தாரு.

"பாய், ஒரே ஒரு பாட்டு."

"சாமி பாட்டா?"

"ஆமா"ன்னேன். எந்த சாமின்னு அவரும் கேக்கல.

இங்க ஒண்ணு சொல்லணும். எங்க ஏரியில பாடுன்னு ஒரு மொறை. மீனு படற எடத்துல வலை போட ஆளாளுக்கு நாள் வரும், எட்டு நாளைக்கு ஒரு தபா. பாதியில விட்டுட்டு கரைக்கு வந்தா பாடு போச்சு. அன்னிக்கு எங்க நைனாவோட பாடு.

இன்னொண்ணு. ஆம்பளைங்க ஏரியில இருக்கறப்ப ஊருல மைக்கு சத்தம் வரக் கூடாது. வந்தா சாவு, இல்லன்னா புயலுன்னு அர்த்தம். எல்லாரும் கரைக்கு வந்துடணும். இது ஊருல நண்டுக்குக் கூட தெரியும். எனக்கும் தெரியும். கேசட்டு கையில இருந்ததுல மறந்துட்டேன்.

பாய் போட்டாரு. மொதல்ல கித்தாரு. மாமா சொன்னது நெஜம்தான், கம்பி கம்பியா கேட்டுச்சு. எனக்கு புல்லரிச்சிடுச்சு. அப்புறம் பாடறவன் ஆரம்பிச்சான். அடிவயித்துலேர்ந்து ஒரு அலறல்.

பாய் என்னப் பாத்தாரு. "இன்னா சாமிப்பா இது?"

நான் பதில் சொல்றதுக்குள்ள ஏரியில இருந்த அத்தினி படவும் கரையப் பாத்து திரும்பிடுச்சு. மொதல்ல வந்தது எங்க படவு.

நைனா இடுப்பளவு தண்ணியில குதிச்சு ஓடியாந்தாரு. "யாருடா செத்தது?"

"யாரும் சாகல நைனா."

"அப்ப அழறது யாரு?"

"பாட்டு நைனா. வெளிநாட்டு பாட்டு."

அவரு குழாயப் பாத்தாரு. என்னப் பாத்தாரு.

ஊர்த் தலைவரு வந்து ரெண்டு நிமிஷம் பாட்டக் கேட்டாரு. அப்புறம் நைனாகிட்ட, "சாவும் இல்ல, புயலும் இல்ல. வலைய விட்டுட்டு வந்துட்ட. மொறைன்னா மொறைதாம்பா, பாடு போச்சு"ன்னாரு.

நைனா வலது கைய ஓங்கிக்கினு நேரா என்கிட்ட வந்தாரு.

சாயங்காலம் மாமா ஆசையா கேட்டாரு. "எப்படி மச்சான், தெளிவா கேட்டுச்சா?"

"வலது காதுல கேட்டுச்சு மாமா. எடது பக்கம் நைனா நின்னுக்கினு இருந்தாரு."