அடுத்தவர் வண்டியில் சிக்கனம்

தன் பணத்தை மிச்சம் பிடிப்பவரைச் சிக்கனக்காரர் என்கிறோம். அடுத்தவர் பணத்தை மிச்சம் பிடிப்பவருக்கு இன்னும் யாரும் பெயர் வைக்கவில்லை. வைத்திருக்க வேண்டும். வருஷத்தில் ஐந்து மாதம் பனி மூடிக் கிடக்கும் இந்த மினசோட்டா ஏரிக்கரையில், ஒரே ஒரு மளிகைக் கடையும் மூன்று தேவாலயங்களும் உள்ள எங்கள் ஊரில், அந்த இனம் கொழுத்து வளர்கிறது.

அடையாளம் சுலபம். பணம் கட்டும் வரிசையில் நிற்கும்போது அவர்கள் கண் அவர்கள் தள்ளுவண்டியில் இருக்காது. உங்கள் வண்டியில் இருக்கும். முதலில் ஒரு பெருமூச்சு வரும். பிறகு ஒரு விரல் நீளும். அடுத்த நிமிடம் நீங்கள் ஆசையாய் எடுத்து வைத்த பொருள் அவர்கள் கையில் தொங்கிக்கொண்டிருக்கும். "அட, இதையா வாங்குற?"

வெண்ணெய் எங்கே அறுபது காசு மலிவு என்று கேளுங்கள். நாற்பது மைல் தள்ளி ஒரு கடையைச் சொல்வார்கள். பெட்ரோல்? அது கணக்கில் சேராது, எப்படியும் அந்தப் பக்கம் போக வேண்டியிருந்ததாம். எதற்கு? வெண்ணெய் வாங்கத்தான். அவர்களுக்குத் தெரிந்த பிரார்த்தனை வாசகங்கள் மூன்று: "ஒரு தடவை மெனக்கெட்டா போதும்", "கொதிக்க வைக்கிறதுதானே", "அது பாட்டுக்குத் தானா வேகும்". தானாய் வேகிற பயற்றைக் கல் பொறுக்கி, கழுவி, ஊற வைத்து, வடித்து, பத்து படித் தண்ணீரோடு அடுப்பில் தூக்கி வைத்து, அடிப்பிடிக்காமல் கிளறி, கடைசியில் அந்தப் பானையைத் தேய்த்துக் கவிழ்ப்பது யார்? அதுவும் தானாகவே நடக்கும் போலிருக்கிறது. உடம்பின் தெம்பு என்பது குழாய்த் தண்ணீர், திறந்தால் வரும் என்பது இந்த இனத்தின் வேதம். அவர்கள் குழாய் இதுவரை வறண்டதே இல்லை; ஆகவே ஊரில் தண்ணீர்ப் பஞ்சமே கிடையாது.

எங்கள் ஊரில் இந்த இனத்தின் உச்சம் ஆர்டிஸ் லிண்ட்க்விஸ்ட் அம்மையார். எழுபத்தொரு வயது. விடிவதற்குள் தன் வாசல் பனியை வாரிவிட்டு, உங்கள் வாசல் பனியையும் வாரிவிட்டு, நீங்கள் எழுந்ததும் கதவைத் தட்டி அதைச் சொல்லிவிட்டும் போவார். நல்லவர். அதுதான் சிக்கல்.

என் வீட்டு மாடியில் ஜோலீன் ட்வெய்ட் தனியாகக் குடியிருக்கிறாள். நாற்பத்தாறு வயது. மூன்று குளிர்காலத்துக்கு முன் வந்த காய்ச்சல் போய்விட்டது. போகும்போது அவள் தெம்பையும் கொண்டுபோய்விட்டது. நல்ல நாளில் இருபத்தைந்து நிமிடம் அவளால் சமையலறையில் காரியம் பார்க்க முடியும். மோசமான நாளில் பத்து. அதற்கு மேல் இழுத்தால் மறுநாள் படுக்கை. வாரத்துக்கு அறுபது டாலர், நாளுக்கு இருபத்தைந்து நிமிடம்: இந்த இரண்டு பையிலும் எது முதலில் காலியாகும் என்று பார்த்துப் பார்த்து அவள் வாழ்கிறாள். முக்காலி ஒன்றில் உட்கார்ந்தபடியே சமைப்பாள். டப்பாவில் அடைத்த பயறு, நறுக்கி உறைய வைத்த வெங்காயம், கடையில் முந்தின நாள் விற்காமல் ஆறிப்போய் விலை குறைத்த பொரித்த கோழி. இவைதான் அவள் படைக்கலங்கள். வெங்காயப் பை இரண்டரை டாலர். அதே காசுக்கு முழு வெங்காயம் வாங்கினால் நாலு மடங்கு வரும்.

இதில் ஒரு பந்தயமும் இருந்தது. அவள் வாடகையில் பாதியைத் தம்பி கர்ட்டிஸ் கட்டுகிறான். ஃபார்கோவில் இருக்கும் தன் வீட்டின் நிலவறையில், வீட்டைச் சூடாக்கும் கொதிகலனுக்குப் பக்கத்தில், அக்காவுக்கென்று ஓர் அறையைத் தயாராக வைத்திருக்கிறான், பாசத்தோடுதான். ஈஸ்டர் வரை அறுபது டாலருக்குள் தானே சமைத்துச் சாப்பிட்டுக் காட்டினால் அவன் வாயைத் திறக்க மாட்டான். தவறினால் கொதிகலன்.

பிப்ரவரியில் ஒருநாள் வரிசையில் அவளுக்குப் பின்னால் ஆர்டிஸ் நின்றார்.

"ஜோலீன் கண்ணு, இதென்ன, வெட்டின வெங்காயமா? உனக்குக் கையில்லையா?"

"கை இருக்கு ஆர்டிஸ். அதைத் தூக்கத்தான் ஆள் இல்ல."

"நல்லாப் பேசுற. டப்பாப் பயறு வேற! ஒரு டப்பா காசுல ஒரு பை காஞ்ச பயறு வரும்டி. ஊற வச்சா தானா வேகுது."

ஐந்து நிமிட வாதம். அந்த ஐந்து நிமிடமும் ஜோலீனின் இருபத்தைந்திலிருந்துதான் கழிந்தது. வாதாடி ஜெயிப்பதற்கும் தெம்பு வேண்டும். முடிவில் வண்டியில் பத்து ராத்தல் முழு வெங்காயமும் ஒரு மூட்டைக் காய்ந்த பயறும் உட்கார்ந்தன. போதாதற்கு அன்று மாலை அம்மையார் தன் தோட்டத்து ஹப்பர்ட் பூசணி ஒன்றை மாடிக்குச் சுமந்து வந்தார். சாம்பல் நீலத்தில், உடம்பெல்லாம் கொப்புளமாக, கைக்குழந்தையைவிடக் கனமாக ஒரு காய். "இலவசம்!" என்றார். "ஒரு மாசத்துக்கு வரும்!"

அந்தக் காயைக் கத்தியால் வெட்ட முடியாது. கீழே போட்டு உடைப்பதுதான் இங்கே வழக்கம். மறுநாள் பதினோரு மணிக்கு என் தலைக்கு மேல் 'டமார்' என்று ஒரு சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தேன். பூசணி முழுசாக இருந்தது. தரை ஓடு உடைந்திருந்தது. ஜோலீன் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள், எழுந்திருக்க முடியவில்லை.

நான்கு நாள் படுக்கை. பிஸ்கட்டும் கடலை வெண்ணெயும்தான் ஆகாரம். வெங்காயம் முளை விட்டது. ஊற வைத்த பயறு நுரைத்து நாறியது, நான்தான் கொட்டினேன். இதை ஆர்டிஸிடம் சொன்னேன்.

"உள்ளயா போட்டா? வெளிப்படில, காம்புப் பக்கம் கீழ பாத்து போடணும்னு யாருக்குத்தான் தெரியாது?" என்றார்.

பிறகு மாடிக்கு ஏறி வந்து ஜோலீனின் ரசீதுகளை எடுத்துப் பார்த்தார். இந்த இனம் கேட்டுவிட்டு எடுப்பதில்லை. அவர் முகம் மலர்ந்தது. அந்த வாரச் செலவு நாற்பது டாலர்.

"பாத்தியா! அறுபதுக்கு நாப்பது! நான் சொன்னபடி கேட்டா இப்படித்தான்!"

எழுந்து நிற்க முடியாதவள் கடைக்குப் போகவில்லை, சரியாகச் சாப்பிடவும் இல்லை, ஆகவே மிச்சம். பட்டினியைப் போல மலிவான சாப்பாடு உலகில் ஏது? ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தின் கீழ்த்தளத்தில், காபியும் கேக்கும் சுற்றிவர, அம்மையார் இந்த வெற்றியை நாற்பது பேருக்கு அறிவித்தார். நாற்பத்தோராவதாகக் கர்ட்டிஸுக்குத் தொலைபேசியிலும் அறிவித்தார். திங்கட்கிழமை தம்பி அக்காவைக் கூப்பிட்டான்.

"நாப்பதுலயே முடியுதாமே ஜோ. அப்போ நாப்பதுன்னே வச்சுக்கலாம். முடியலைன்னா சொல்லு, ரூம் ரெடியா இருக்கு."

ஜோலீன் கத்தவில்லை, கத்துவது ஆறு நிமிடம். "ஞாயித்துக்கிழமை மதியம் சாப்பிட வா. ஆர்டிஸையும் கூப்பிடுறேன்" என்று மட்டும் சொன்னாள்.

ஞாயிறு வந்தது. மேசையில் பூசணி. பக்கத்தில் ஒரு கத்தி.

"எனக்கு இதை உடைக்கத் தெரியல. நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் உடைச்சுக் குடுத்தா, சாப்பாடு ஆச்சு" என்றாள்.

"இதுக்குப் போயா!" என்றார் ஆர்டிஸ்.

"அஞ்சு நிமிஷம்" என்றான் கர்ட்டிஸ்.

வெளிப்படியில், காம்புப் பக்கம் கீழே பார்த்து, சாஸ்திரப்படி போட்டார்கள். பூசணி உருண்டு பனிக்குவியலுக்குள் போனது. தோண்டி எடுத்தார்கள். மறுபடி போட்டார்கள். கர்ட்டிஸ் கார் டிக்கியிலிருந்து இரும்புக் கம்பி கொண்டு வந்தான். "நீ பிடிக்கிற விதம் சரியில்ல" என்றார் அவர். "நீங்களே பிடிங்க!" என்றான் அவன். நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன், உதவிக்குப் போகவில்லை. அப்படி ஒரு காட்சி எங்கள் ஊரில் இலவசமாய்க் கிடைக்காது. முக்கால் மணி நேரத்தில் காய் இரண்டாகப் பிளந்தது. அதற்கப்புறம் விதை வழிக்க வேண்டும், தோல் சீவ வேண்டும், துண்டு போட வேண்டும். பாதித் தோலில் கர்ட்டிஸ் விரலை வெட்டிக்கொண்டான். ஆர்டிஸ் மேல்மூச்சு வாங்க மாடி ஏறி நாற்காலியில் விழுந்தார். அவர் நாற்காலியில் விழுந்து, பின்னாலேயே ஏறிப் போன நான் பார்த்தது அன்றுதான்.

"அப்பாடா. இனிமே ஒரு கரண்டியக்கூட தூக்க முடியாது என்னால. திங்க ஏதாவது இருக்கா, கண்ணு?"

இருந்தது. அவர்கள் கீழே பூசணியோடு மல்லுக்கட்டிய நேரத்தில், ஜோலீன் முக்காலியில் உட்கார்ந்தபடி இரண்டு டப்பா திறந்து, வெங்காயப் பையைக் கவிழ்த்து, ஆறின கோழியைப் பிய்த்துப் போட்டு, ஒரு பானை சூப் வைத்திருந்தாள். பதினெட்டு நிமிடம். என்னையும் உட்காரச் சொன்னாள். கர்ட்டிஸ் இரண்டு கிண்ணம் குடித்தான். கட்டுப் போட்ட விரலைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான், உடைந்த தரை ஓட்டைப் பார்த்தான்.

"அறுபதே இருக்கட்டும், ஜோ."

"ஈஸ்டர் வரைக்குமா?"

"ஈஸ்டர் கிடக்கட்டும். அந்த ரூமை யாருக்காவது வாடகைக்கு விடுறேன்."

இந்த இடத்தில் கதை சுபமாக முடிந்திருக்கும், ஆர்டிஸ் அங்கே இல்லாமல் இருந்திருந்தால். அம்மையார் மூன்றாவது கிண்ணத்தை வழித்துக்கொண்டே கேட்டார்.

"பயறு மெத்துனு இருக்கே. எத்தனை மணி நேரம் ஊற வச்ச?"

"நான் ஊற வைக்கல. டப்பாக்காரன் ஊற வச்சான்."

அம்மையார் கரண்டியை வாயிலிருந்து எடுத்தார். முகத்தில் ஆழ்ந்த துக்கம். "காஞ்ச பயறா போட்டிருந்தா ஒண்ணே முக்கால் டாலர் மிச்சமாயிருக்குமே, கண்ணு!"

இந்த இனம் திருந்தாது. அது எனக்குத் தெரிந்ததுதான். எனக்குக் கவலை வேறு. வெங்காயப் பை இரண்டரை டாலர், அதே காசுக்கு முழு வெங்காயம் நாலு மடங்கு என்று மேலே ஓரிடத்தில் எழுதினேன், ஞாபகம் இருக்கிறதா? அதைப் படித்தபோது, இவளுக்குப் பரிதாபப்படுவதற்கு முன்னால், மனசுக்குள் ஒரு "அடடா, வீண் செலவு" போட்டீர்களே. அது எனக்கு இங்கே கேட்டது. உங்கள் தோட்டத்தில் பூசணி இருந்தால், தயவு செய்து எனக்குக் கொண்டு வராதீர்கள்.