மாப்பிள்ளைக்கு எத்தனை பாயிண்டு?

ஏழுமலையானே இறங்கி வந்து ஆஸ்திரேலியாவுக்கு வேலை விசா கேட்டிருந்தாலும், பாயிண்டக்கா முதலில் அவருடைய வயதைத்தான் கேட்டிருப்பார். பிறகு ஆங்கிலம். பிறகு முன் அனுபவம்.

திருப்பதியில் நான் தங்கியிருந்த பெண்கள் விடுதியில் எனக்கு அடுத்த கட்டில் பாயிண்டக்காவுடையது. விசா ஆலோசனை சொல்லும் ஓர் அலுவலகத்தில் வேலை. படித்தவர்களை எந்த நாடு எப்படிப் பொறுக்கி எடுக்கும் என்பது அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஒரு நாடு சம்பளத்தைப் பார்க்கும், இன்னொன்று விருதுகளைக் கேட்கும். ஆஸ்திரேலியா மட்டும் வயது, படிப்பு, ஆங்கிலம், அனுபவம் என்று ஒவ்வொன்றுக்கும் பாயிண்டு போட்டுக் கூட்டும். அந்தக் கூட்டல் அவரைப் பிடித்து ஆட்டியதால்தான் விடுதியில் பாயிண்டக்கா என்று பெயர். காலையில் மெஸ்ஸுக்குள் நுழைந்ததும் சாம்பாரை முகர்ந்து தீர்ப்பு வந்துவிடும்.

"நேத்து வெச்சது. அனுபவத்துல முழு பாயிண்டு. வயசுல அடி வாங்கிடுச்சு."

நாற்காலியில் குறட்டை விடும் வாட்ச்மேனையும் விட்டதில்லை. "உனக்கு இங்கிலீஷ் மட்டும் வந்திருந்தா இந்நேரம் சிட்னியில தூங்கிக்கினு இருப்பே!"

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமே கிடையாது. உணவுத் தொழில்நுட்பம் படித்து, சித்தூரில் மாம்பழக்கூழ் ஆலையின் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்துவிட்டு, ஆஸ்திரேலியா போகும் ஆசையோடு திருப்பதிக்கு வந்தவள். அக்கா என்னையும் கூட்டிப் பார்த்தார். "ஆஸ்திரேலியாக்காரன் போட்ட பாயிண்டு கோட்டைத் தொட்டுட்டே பாப்பா. ஒரு பாயிண்டு கூட மிச்சமில்ல, பாத்துக்கோ."

மிச்சமில்லாத இடத்தில்தான் நைனா, என் அப்பா, குறுக்கே வந்தார். "தனியா அனுப்ப மாட்டேன். கல்யாணத்த முடிச்சிக்கினு ரெண்டு பேருமா ஏரோப்ளேன் ஏறுங்க."

ஒரு ஞாயிற்றுக்கிழமை கார்வேட்டிநகரத்திலிருந்து பஸ் ஏறி வந்தார். திருப்பதியில் அவர் பார்த்து வைத்திருந்த மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ப் பேசி முடிப்பதாகத் திட்டம். கையில் அவர்களுக்காக ஒரு பை நிறைய பங்கனப்பள்ளி மாம்பழம். வழியில் என்னிடம் தகவல் சொல்ல விடுதிக்கு வந்தார். கல்யாணம் வேண்டாம் என்று சொல்ல நான் ஒரு மாதமாக மனப்பாடம் செய்திருந்த பேச்சைத் தொடங்குவதற்குள் பாயிண்டக்கா எதிரில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

"மாப்ள இன்னா படிச்சிருக்காரு அண்ணா?"

"பத்தாவது. ரெண்டு டிராக்டர் கீது."

"இங்கிலீஷு?"

"டிராக்டருக்கு எதுக்கும்மா இங்கிலீஷு?"

"கேளுங்க அண்ணா. கல்யாணம் ஆவாதவங்களுக்குப் பத்து பாயிண்டு. நல்லா படிச்ச, இங்கிலீஷ் தெரிஞ்ச புருஷன் இருந்தாலும் அதே பத்துதான். இவர கட்டிக்கினா அது போயிடும். உங்க பொண்ணு கோட்டுக்குக் கீழ எறங்கிடுவா. அப்புறம் விசாவுக்குக் கூப்பிடவே மாட்டான்."

நைனா திகைத்துப்போனார். "தாலி கட்டினா மார்க்க கொறைப்பானா? இன்னா கவருமெண்டும்மா அது?"

"தாலிக்குக் கொறைக்கல அண்ணா. மாப்ளைக்குத்தான் கொறைக்கிறான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கொஞ்சம் வருத்தமும். நான் வேண்டாம் என்று சொன்னதெல்லாம் நைனாவின் காதில் ஏறியதில்லை. அதையே எங்கோ இருக்கும் ஓர் அரசாங்கம் எண்ணாகச் சொன்னபோது காது கொடுத்தார்.

ஆனாலும் அவர் எழுந்திருக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அதெல்லாம் சரிம்மா. தனியா போயி இன்னா துன்னுவா? காய்ச்சல்னு படுத்தா யாரு பாப்பாங்க?"

"அதுக்குப் பாயிண்டு இல்ல அண்ணா," என்றார் பாயிண்டக்கா மெதுவாக. "நான் தெனம் போன் பண்ணிக் கேக்கறேன்."

நைனா நிமிர்ந்து அவரைப் பார்த்தார். "உனக்கு எவ்ளோ பாயிண்டு வருதும்மா?"

"எனக்கா? வயசு நாப்பத்தஞ்சு தாண்டிடுச்சு அண்ணா. என்னைக் கூட்டியே பாக்கமாட்டான்," என்று சிரித்தார்.

நைனா மாம்பழப் பையை அவர் பக்கம் நகர்த்தினார். "நீ துன்னும்மா." அப்படியே எழுந்து, மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் திரும்பாமல் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்.

இப்போது அடிலெய்டில் இருக்கிறேன். "இன்னா துன்னே?" என்று தினமும் பாயிண்டக்காவின் போன் வருகிறது. நான் வைத்த சாம்பாரைப் பார்க்காமலே பாயிண்டைக் குறைக்கிறார். வந்த புதிதில் வீட்டுக்காரம்மா, "தனியாகவா வந்தாய்?" என்று கேட்டார். தனியாள் என்று எழுதிக் கொடுத்துத்தான் அந்தப் பத்துப் பாயிண்டை வாங்கினேன். ஆனாலும் ஆமாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.