பாட்டுக்கு முன்னால் கம்பி

கிதார் வாசிப்பவர்கள் ஒரு ரகம். கிதாருக்குக் கம்பி தேர்ந்தெடுப்பவர்கள் இன்னொரு ரகம். முதல் ரகத்தைப் பார்த்தால் தாராளமாகக் கை தட்டுங்கள். இரண்டாவது ரகத்திடம் மட்டும், தயவுசெய்து, "எந்தக் கம்பிங்க நல்லது?" என்று வாய்தவறிக்கூடக் கேட்டுவிடாதீர்கள். அன்றைய சாயங்காலம் போயே போச்சு.

நம்மவர் கண்ணாடிக் கடையில் பார்வை சோதிப்பவர். "இதுல நல்லா தெரியுதா, அதுலயா? சட்டுன்னு சொல்லுங்க" என்று வருகிறவர்களை எல்லாம் ஐந்தே நிமிடத்தில் முடிவெடுக்க வைத்து அனுப்பிவிடுகிற மனிதர், வீட்டுக்கு வந்து கிதாரை மடியில் எடுத்து வைத்தால் போதும், தெளிந்த நைலானா கறுப்பு நைலானா, இறுக்கம் கூடுதலா சாதாரணமா, வெள்ளிப் பூச்சு போட்டதா போடாததா என்று ஆரம்பித்து, மனைவி இரண்டு முறை சாப்பிடக் கூப்பிட்டு, மூன்றாம் முறை கூப்பிடாமல் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிற வரைக்கும் யோசித்துக்கொண்டிருப்பார். வாசிப்பாரா? வாசிப்பார், பாவம். மூன்று பாட்டு. பத்து வருடமாக அதே மூன்று.

ஒருநாள் மனைவியின் தம்பி வந்தான். "மாமா, என் கிதார்ல ஒரு கம்பி அறுந்துபோச்சு. உங்ககிட்ட ஒண்ணு இருக்குமா?"

"உன்னோடது இரும்புக் கம்பி போடுற அக்கூஸ்டிக். என்னோடது நைலான் போடுற கிளாசிக்கல். உன் கம்பிய என்னோடதுல மாட்டினா, அது இழுக்கிற இழுப்புல கம்பி கட்டுற அடிக்கட்டையே பேத்துக்கிட்டு வந்துடும், தெரியுமா?"

"நான் எதுக்கு மாமா உங்களோடதுல மாட்டப் போறேன்?"

நியாயமான கேள்விதான். பதில்தான் இரண்டு மணி நேரம் நீண்டது. வெண்கலச் சுற்றா, பாஸ்பர் வெண்கலமா? மெல்லிசா, தடியா? உனக்கு விரல் வியர்க்குமா, வியர்க்காதா? அலமாரியில் பிரிக்காத பொட்டலங்கள் இருபத்தெட்டு, அதில் இரும்பும் உண்டு. ஆனாலும் பையன் வெறுங்கையோடுதான் போனான். எது பொருந்தும் என்று இன்னும் முடிவாகவில்லையாம்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதி. மகள் விஷயம் அப்படியில்லை.

ஏழாம் வகுப்புப் படிக்கும் அந்தப் பெண் பள்ளி ஆண்டு விழாவில் முதல்முறையாகத் தனியாகப் பாடப் போகிறாள். மேடை என்றாலே அவளுக்குப் பயம். "அப்பா பக்கத்துல உக்காந்து வாசிச்சாதான் பாடுவேன்" என்று சொல்லிவிட்டாள். அவரும் மனதார ஒப்புக்கொண்டார். ஒரு மாதம் இருவரும் தினமும் பழகினார்கள். பழைய கம்பிதான். ஆனால் அடடா, என்ன பாந்தமாக இருந்தது தெரியுமா! நான்காவது பாட்டு ஒன்று அவருக்கே வந்துவிட்டது. மனைவி சமையலறைக் கதவில் சாய்ந்து நின்று கேட்டாள்.

இசைக்கருவிக் கடைக்காரர், இவரை நன்றாக அறிந்தவர், கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "விழா முடியிற வரைக்கும் கம்பியில கை வைக்காதீங்க. புது நைலான் இழுபட்டு, சுருதியில நிக்கிறதுக்கே நாலு நாள் ஆகும்."

"எனக்குத் தெரியாதா?" என்றார் நம்மவர்.

தெரியும். அடுத்தவருக்குப் பாடமே எடுப்பார். ஆனால் விழா அன்று காலையில், பெரிய அரங்குக்கு இறுக்கம் கூடிய கம்பிதான் எடுபடும் என்று எங்கோ படித்தார். அவ்வளவுதான். ஆறையும் கழற்றி ஆறையும் மாற்றிவிட்டார்.

மேடையில் உட்கார்ந்து முதல் கம்பியைச் சுருதிக்கு ஏற்றினார். ஆறாவதுக்கு வருவதற்குள் முதலாவது இறங்கிவிட்டது. அதைத் திருகினால் மூன்றாவது இறங்கியது. முந்நூறு பேர் பார்க்கிறார்கள். யாரோ இருமினார்கள். மைக்கை அவருடைய கிதாருக்கு நேராக வைத்துத் தொலைத்திருந்ததால், ஒவ்வொரு முறுக்கும் கடைசி வரிசை வரை கேட்டது. அவருக்கு அழுகை வரும்போல இருந்தது.

மகள் குனிந்து காதோரம் சொன்னாள். "அப்பா, விடுங்க. நான் பாடிக்கிறேன்."

பாடினாள். முதல் வரியில் குரல் ஆடியது. இரண்டாவது வரியில் நிலைத்து நின்றது. அதற்கப்புறம் அவள் அப்பா பக்கம் திரும்பவே இல்லை. அரங்கம் கை தட்டியபோது அவரும் தட்டினார், மடியில் கிதார் இடித்தது.

வீடு திரும்பும் வழியில் மெதுவாக ஆரம்பித்தார். "அடுத்த வருஷம் பாரும்மா, பத்து நாளைக்கு முன்னாடியே மாத்தி..."

"அடுத்த வருஷம் நீங்க கீழ உக்காந்து கேளுங்கப்பா" என்றாள் மகள். கோபமே இல்லாமல் சொன்னாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், சிரியுங்கள். ஆனால் நடைப்பயிற்சிக்கு எந்தக் காலணி நல்லது என்று மூன்று வாரமாக அலசிக்கொண்டிருப்பது யார்? கடிதம் எழுத நல்ல பேனா தேடித் தேடி, பதிலே போடாமல் விட்டது யார்? நான் பெயர் சொல்லவில்லை. "நீங்க வந்தாதான்" என்று உங்கள் வீட்டிலும் ஒருவர் சொல்லியிருப்பார். எழுந்து போய்ப் பாருங்கள். நீங்கள் இல்லாமலேயே ஆரம்பித்திருப்பார்.