முகம் பொருந்தவில்லை

"முகம் பொருந்தவில்லை" என்றது லேப்டாப்.

மோகன்ராஜ் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி கேமராவைப் பார்த்தார். மறுபடியும் அதே பதில். திருமலையில் ஒரு வாடகை அறை, மணி ஒன்பதே முக்கால், தலையில் ஈரம் காயாத சந்தனம். முடியும் மீசையும் போய் இன்னும் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

"இன்னாங்க, உள்ள வுடலியா?" என்றாள் ஸ்வர்ணலதா.

"நீ யாருன்னு கேக்குது."

சத்தியவேட்டுக்காரரான மோகன்ராஜுக்கு உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் பதினோரு வருஷ சர்வீஸ். அவருடைய பிரிவில் மூன்று பேரை வீட்டுக்கு அனுப்பப் போவதாக ஒரு மாதமாகப் பேச்சு. கேன்டீனில் லிஸ்ட்டைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. சாம்பாரில் உப்பு குறைவு என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்கள்.

மேனேஜர் ஹரிபிரசாத் நேற்று செய்தி அனுப்பியிருந்தார். 'நாளை எல்லோரும் வீட்டிலிருந்து வேலை. பத்து மணி மீட்டிங்கில் முகம் காட்டாதவர் பெயர் லிஸ்ட்டில் முதலில் வரும்.'

வேலை நிலைத்தால் மொட்டை போடுவதாக வேண்டிக்கொள்ளலாம் என்றுதான் மோகன்ராஜ் சொன்னார். ஸ்வர்ணலதா கேட்கவில்லை. "சாமிக்கு ஆயிரம் வேலை. முன்னாடியே குடுத்துட்டா நம்ம பேரு ஞாபகம் இருக்கும்" என்று நேற்று மாலையே பஸ் ஏற்றிவிட்டாள்.

வெளியிலிருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் போக விபிஎன் என்று ஒரே வாசல். பாஸ்வேர்டு கேட்கும், பிறகு முகம் பார்க்கும். இந்த இரண்டாவது சங்கதி அவருக்கு மொட்டை போட்ட பிறகுதான் நினைவுக்கு வந்தது.

சந்தனத்தைக் கழுவினார். பொருந்தவில்லை.

ஸ்வர்ணலதா கண்மையால் மீசை வரைந்தாள். அவசரத்தில் ஒரு பக்கம் கன்னம் வரை போய்விட்டது. பொருந்தவில்லை.

குளிருக்கு வாங்கிய குல்லாவை எடுத்து மாட்டினார். 'சந்தேகத்துக்குரிய நபர். அக்கவுண்ட் பூட்டப்பட்டது' என்று காட்டிவிட்டுத் திரை கறுத்தது.

பத்தாக மூன்று நிமிஷம். மோகன்ராஜ் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். மகள் காலேஜில் இரண்டாம் வருஷம். நாற்பத்தாறு வயதில் யார் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள்? அழுகை வந்தது. மை கரைந்து உதட்டில் கசந்தது.

போன் ஒலித்தது. 'மீட்டிங் பதினொன்றுக்கு மாற்றப்பட்டது.' மேனேஜர்தான். காரணம் எதுவும் இல்லை.

"பாத்தீங்களா?" ஸ்வர்ணலதா கோபுரம் இருந்த திசையில் கும்பிட்டாள். "சீக்கிரம் யாருக்காவது போன் பண்ணுங்க!"

அக்கவுண்ட்டைத் திறந்துவிட கம்பெனியில் தீனா ஒருவன்தான். எப்போது கூப்பிட்டாலும் முதல் மணியிலேயே எடுப்பான். இன்று பதிவுக் குரல் வந்தது: 'நீங்கள் வரிசையில் ஆறாவதாக இருக்கிறீர்கள்.'

தரிசன வரிசையே தேவலை, அங்கே பொங்கலாவது கொடுப்பார்கள். மோகன்ராஜ் போனைக் காதில் வைத்தபடியே அறைக்குள் நடந்தார். பத்தே முக்காலுக்கு அடுத்த செய்தி வந்தது. மீட்டிங் பன்னிரண்டுக்கு.

"நல்லதாச்சே!"

"நல்லதா? லிஸ்ட்ட இன்னும் திருத்திக்கினு இருக்கறாரு. எம்பேரத்தான் சேத்துக்கினு இருப்பாரு."

பதினொன்றே முக்காலுக்குத் தீனா வீடியோவில் வந்தான். கண்கள் களைத்திருந்தன.

"இன்னா சார், மொட்டையா?"

வீட்டிலிருந்து வேலை என்பது உத்தரவு. மலைமேல் இருப்பதாகச் சொன்னால் அதற்கே சீட்டுக் கிழியும்.

"பேன்ப்பா" என்றார் மோகன்ராஜ். "வீட்டுல எல்லாருக்கும் பேன்."

ஸ்வர்ணலதா தன் நீளப் பின்னலை அவசரமாக முந்தானைக்குள் தள்ளினாள்.

"அங்க கோவிந்தா கோவிந்தான்னு சத்தம் கேக்குதே சார்?"

"பக்கத்து வீட்டு டிவி."

தீனா திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுவந்தான். மோகன்ராஜ் போனைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கைகளைக் கூப்பினார்.

"தீனா, உன்ன கையெடுத்துக் கும்புடறேன். தொறந்து வுடுப்பா. மேனேஜருக்கு மட்டும் சொல்லாத."

"அவருக்கு இன்னாத்த சார் சொல்றது? காலையில அக்கவுண்ட்ட தொறக்கச் சொல்லி வந்த மொதல் மொட்டையே அவருதான். அவரும் மலைமேலதான் ரூம்ல பூட்டிக்கினு கீறாரு, லிஸ்ட்ல அவர் பேரு கீதான்னு எங்கிட்ட கேட்டுக்கினு கீறாரு."